கிணற்றுச் சவாரியும் ரேக்ளாச் சவாரியும்

தண்ணீரில் நின்றுகொண்டே ஓட்டும் வண்டியைக் கற்றுக்கொடுக்கப் போனவன் நான். போன இடத்தில் தண்ணீர் இல்லை. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பினாங்குக் கடற்கரையில் ஒரு படகுக் கொட்டகையில் எனக்கு வேலை. எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, சுற்றுலாப் பயணிகளுக்கு ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடுவார். இப்போது பார்க்கிற மாதிரி உட்கார்ந்து ஓட்டும் வண்டி அல்ல. அதற்கு இருக்கையே கிடையாது. மூக்கிலிருந்து நீளமாக ஒரு கைப்பிடித் தண்டு வரும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கும் பள்ளத்தில் நிற்க வேண்டும். வேகம் இருந்தால்தான் வண்டி நிமிர்ந்து நிற்கும். வேகம் குறைந்தால் வண்டி சாயும், ஆளும் சாய்வார்.

இதை ஓட்டுவதில் இரண்டு பாணி உண்டு. எங்கள் கடற்கரைக்கு வரும் ஆஸ்திரேலியர்கள் மிதவைகளைச் சுற்றிப் பந்தயம் ஓட்டுவார்கள். முழங்காலை மடக்கித் தாழ்வாக நின்று, திருப்பத்தில் தோள் தண்ணீரில் படுகிற அளவுக்குச் சாய்ந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஓட்டுவார்கள். ஜப்பானிய இளைஞர்கள் வேறு மாதிரி. நிமிர்ந்து நிற்பார்கள், வண்டியின் மூக்கைத் தண்ணீரில் குத்துவார்கள், எகிறுவார்கள், தங்களைத் தாங்களே சுற்றுவார்கள், விழுந்து எழுந்து கும்பிடு போடுவார்கள். பந்தயக்காரனுக்கு வேடிக்கைக்காரன் கோமாளி. வேடிக்கைக்காரனுக்குப் பந்தயக்காரன் கணக்குப்பிள்ளை. உலகத்தில் இந்த இரண்டுதான் என்று நினைத்திருந்தேன். சேலம் ஜில்லாவில் இன்னும் இரண்டு இருந்தன.

தைப்பூசத்துக்கு வந்த ஒரு யாத்திரைக் கூட்டத்தில் நாச்சிமுத்து என்பவர் இருந்தார். நாமக்கல் பக்கம். லாரி ஓட்டி முன்னுக்கு வந்து, போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். கடற்கரையில் ஒரு மாலை முழுக்க இடுப்பில் கை வைத்து எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொட்டகைக்குள் வந்து, பழைய வண்டிகளில் இரண்டைக் கேட்டார்.

"எதுக்குங்க ரெண்டு?" என்றேன்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு என்ற மாப்ளைக்கு. தங்கச்சி ஊட்டுக்காரரு."

இரண்டு வண்டி வாங்கினால் ஒரு வாத்தியார் இலவசம் என்று தவுக்கே அந்த இடத்திலேயே அறிவித்தார். அந்த இலவசம் நான். வண்டிகள் கப்பலில் முன்னே போயின. மதராஸ் துறைமுகத்தை அவை எப்படிக் கடந்தன என்பது நாச்சிமுத்து சொல்ல வேண்டிய கதை. அவரும் சொல்ல மாட்டார்.

நான் ஆடி மாதத்தில் சேலம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பசியாறத் தட்டுவடை செட் கிடைத்தது. இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் வெங்காயமும் காரச் சட்னியும் வைத்துத் தருகிறார்கள். நான் எங்கள் ஊர் ரொட்டி சானாய் மாதிரி நிதானமாகப் பிய்த்துச் சாப்பிடப் பார்த்தேன். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "அப்புடியே வாயில போடுங்க. பிச்சா என்னத்துக்காகும்?" என்றார். போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தப் பயணத்தில் நான் கண்ட முதல் தண்ணீர் அதுதான்.

நாமக்கல் பேருந்தில் என் மடியில் ஜெட் ஸ்கீக்கான மாற்று விசிறி ஒன்று இருந்தது. பித்தளை மாதிரி மினுங்கும். பக்கத்தில் இருந்தவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"மோட்டாருதுங்களா?"

"ஆமாம்."

"எத்தன குதிரை?"

சொன்னேன். அவர் அதைப் பின்சீட்டுக்காரரிடம் சொன்னார். பின்சீட்டுக்காரர் தன் கிணற்று மோட்டாரின் குதிரையைச் சொன்னார். ராசிபுரம் வருவதற்குள் பேருந்தில் பாதிப்பேர் தங்கள் மோட்டாரின் குதிரையைச் சொல்லி முடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் பேருந்தில் பக்கத்து ஆளின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். ராசிபுரத்தில் டிரைவர் இறங்கிப் போய், நெய்ப் பாத்திரத்தோடு திரும்பி வந்தார்.  "அவிய ஊட்டுல விசேசம்" என்று மட்டும் கண்டக்டர் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார்.

ஜன்னலுக்கு வெளியே சோளமும் நிலக்கடலையும் பாறைக் கரடும் பனைமரமும் மாறி மாறி வந்தன. ஏரி என்று ஒன்றைக் காட்டினார்கள். அதில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.  

நாச்சிமுத்து வீட்டில் கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, இரண்டு அவித்த முட்டை. அந்த ஊரில் எது சாப்பிட்டாலும் இரண்டு முட்டை கூட வரும். சாப்பிட்டு முடித்ததும், "தண்ணி எங்கே?" என்று கேட்டேன். அவர் மனைவி சொம்பை நீட்டினார்.

"குடிக்க இல்லைங்க. வண்டி ஓட்ட."

"இருக்குதுங்க தம்பி. நம்ம காட்டுலயே இருக்குது. காலையில பாருங்க" என்றார் நாச்சிமுத்து.

காலையில் பார்த்தேன். அது கிணறு.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய கிணறுதான். ஒரு கல்யாணப் பந்தலே உள்ளே அடங்கும். கல் கட்டிய சுவர், இடுக்குகளில் புறாக்கூடு, வெகு ஆழத்தில் பச்சைத் தண்ணீர். கிணற்று மேட்டில் ரிக் லாரி நின்றது. அதன் கம்பி வடத்தில் என் ஜெட் ஸ்கீ கயிறு கட்டித் தொங்கியது. மூக்கில் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். ஒரே ஒரு குழப்பம்தான் மிச்சம். புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், இந்த வண்டிக்குச் சக்கரம் இல்லை. கடைசியில் ரிக் லாரியின் சக்கரத்தடியில் வைத்து அதை ஒரு முழம் நகர்த்தினார்கள். கேட்டதற்கு, வண்டிகள் எல்லாம் ஒரே குடும்பம்தானே என்றார்கள்.

"சார், இதைக் கடலுக்குச் செஞ்சிருக்காங்க" என்றேன்.

"தம்பி, தண்ணிக்கு எது கெணறு, எது கடலுன்னு தெரியுமுங்களா?" என்றார் நாச்சிமுத்து. வண்டியை அவர் ஏற்கெனவே கழற்றிப் பார்த்திருந்தார். "இது பம்புதானுங்க. நாம பம்பக் கட்டிப்போட்டுத் தண்ணிய ஓட வெக்கறோம். இதுல தண்ணி நிக்குது, பம்பு ஓடுது. அவ்வளவுதான்."

எனக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியாது. வடம் இறங்கியது. நானும் படியில் இறங்கினேன். இரண்டு விதிகளைச் சொன்னேன். ஒன்று, விரலால் இழுக்கும் விசையை விட்டுவிட்டால் வண்டி திரும்பாது. தண்ணீரைப் பீய்ச்சினால்தான் திரும்பும். இரண்டு, விழுந்தால் பிடியை விட்டுவிட வேண்டும். வண்டி மெதுவாக வட்டமடித்து ஓட்டியவரிடமே திரும்பி வரும்.

இரண்டாவது விதி அவர் தலையில் ஏறவே இல்லை. "ஸ்டேரிங்க உட்டவன் டிரைவராங்க?" என்றார். முதல் தடவை விழுந்தபோது பிடியை விடவில்லை. விரலும் விசையை விடவில்லை. வண்டி அவரைக் கலப்பை மாதிரி இழுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றியது. மல்லிகைச் சரம் பம்புக்குள் போய் வண்டி நின்றதால் பிழைத்தார். புறாக்கள் எல்லாம் வெளியேறிவிட்டன. புகை மட்டும் உள்ளேயே இருந்தது. நான் இருமி இருமி மேலே வந்து உட்கார்ந்தேன்.

ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். கிணற்றுச் சுவரை ஒட்டி, வலது காலை அழுத்தி, உடம்பை உள்பக்கம் சாய்த்துச் சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். ஆஸ்திரேலியர்கள் பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள். சரி, இனி இடப்பக்கம் சுற்றுங்கள் என்றேன். மேலே நின்றிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில், "ஐயய்யோ!" என்றார்கள்.

"எடமாச் சுத்தறது எழவு காரியத்துக்குங்க. புது வண்டியில ஆராச்சும் சுத்துவாங்களா?"

ஆக, அவருக்கு வலப்பக்கம் திரும்ப மட்டும் தெரியும். நேராகப் போகத் தெரியாது. நேராகப் போகக் கிணற்றில் இடமும் இல்லை. இதற்குக் கிணற்றுப் பாணி என்று நான் பெயர் வைத்தேன்.

அன்று சாப்பிடும்போதுதான் இரண்டாவது வண்டியின் கதை தெரிந்தது. நாச்சிமுத்துவின் தங்கை பாவாயியை எடப்பாடிப் பக்கம் அர்த்தனாரி என்ற விவசாயிக்குக் கொடுத்திருக்கிறது. மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. ஆடி பதினெட்டுக்குத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் துணிமணி வைத்து அண்ணன் அனுப்பும் சீர், போன வேகத்திலேயே திரும்பி வருகிறது. இப்போது பாவாயியின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மணவறையில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன். நாச்சிமுத்துவை அழைக்க இதுவரை யாரும் வரவில்லை. பங்காளி முறையில் வேறொரு மாமனை வைத்துக் கட்டிக்கொள்வதாகப் பேச்சு.

"அதுக்கும் ஜெட் ஸ்கீக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன்.

"எங்க மாப்ள ரேக்ளா ஓட்டறவரு. வெசைன்னா உசுரு. துணியத் திருப்பி அனுப்பலாம். இத அனுப்ப மனசு வருமுங்களா?" என்றார். அவர் மனைவி, பந்திக்கு முன்னால் எல்லோர் காதிலும் விழும்படி, "பத்துக் காசு வெத்தலை பாக்கோட நேரா போயி நின்னாப் போதும். அதுக்குக் கப்பல்ல வண்டி வருது" என்றார். நாச்சிமுத்து முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வண்டியை லாரியில் ஏற்றி, என்னோடு எடப்பாடிக்கு அனுப்பினார். அவர் வரவில்லை. அர்த்தனாரி வாசலிலேயே நின்றிருந்தார். நெட்டை ஆள், நரைத்த மீசை, பளீரென்று வெளுத்த வேட்டி.

"வாங்க, வாங்க. ஒறம்பரை உள்ள வாங்க. அது லாரியிலயே இருக்கட்டுமுங்க" என்றார். ஒறம்பரை, அதாவது விருந்தாளி, நான் மட்டும்தான்.

உள்ளே இடியாப்பம் மாதிரியான சந்தவையும் தேங்காய்ப்பாலும் போட்டார்கள். போதும் என்று கையால் மறைத்தேன். கைமேலேயே பாலை ஊற்றினார்கள். பினாங்கில் விருந்தாளி போதும் என்றால் அதற்குப் போதும் என்று பொருள். அர்த்தனாரி கைகழுவப் போன சமயம் பாவாயி கதவருகில் வந்தார். மெலிந்த பெண்மணி. குரல் கரகரவென்று இருந்தது.

"எங்கண்ணன் நல்லா இருக்குதுங்களா? எளைச்சுப் போச்சுன்னு சொல்றாங்க."

"கிணத்துல சுத்திக்கிட்டு இருக்காருங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

"என்ற புள்ள நெத்தியில எங்கண்ணன் கை படோணுமுங்க. வேற ஆரு கட்டுனாலும் எனக்கு அது கண்ணாலமில்ல. இவருகிட்டச் சொல்லிப் பாத்துட்டேன். அங்கயும் பெருமை, இங்கயும் பெருமை. நடுவுல நாந்தான் கெடந்து சாகறேன்." சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த இரண்டு ஆண்கள் மேலும் கோபம் வந்தது. அந்நிய வீட்டில் கோபத்தை என்ன செய்வது, இன்னும் ஒரு ஈடு சந்தவை சாப்பிட்டேன்.

பிறகு அர்த்தனாரி என்னைத் தொழுவத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு வெள்ளை மாடுகள். ஒன்று வலது முன்னங்காலை ஊன்றாமல் நின்றது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ரேக்ளாப் பந்தயம். அர்த்தனாரியின் ஜோடி முதலில் வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் லாரியை நிறுத்தி வேடிக்கை பார்த்த நாச்சிமுத்து, மாப்பிள்ளை ஜெயிக்கிற சந்தோஷத்தில் ஏர் ஹாரனை ஒரே அழுத்தாக அழுத்தினார். மாடுகள் மிரண்டு பக்கத்து மஞ்சள் வயலுக்குள் பாய்ந்தன. வண்டி குடை சாய்ந்தது.

"ஆரன் அடிச்சது தப்பில்லீங்க. சந்தோசத்துல அடிச்சாரு" என்றார் அர்த்தனாரி, மாட்டின் நெற்றியைத் தேய்த்தபடி. "எறங்கி வந்து மாட்டப் பாக்குலீங்க. கால் மடங்கிக் கெடக்குது, கத்துது. இவுரு லாரிய எடுத்துட்டு லோடுக்குப் போயிட்டாரு."

என்ன லோடு என்று லாரி டிரைவரைத் திரும்பும்போது கேட்டேன். முட்டை லோடு என்றார். வெயிலில் நின்றால் கெட்டுப்போகும்.

நான் லாரியில் ஏறும் முன் அர்த்தனாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். தொடவில்லை. "இதுக்குக் கவுறு எங்கீங்க?" என்று மட்டும் கேட்டார். கயிறு இல்லை, கைப்பிடிதான் என்றேன். "நிறுத்தோணுமுன்னா?" என்றார். விசையை விட வேண்டும் என்றேன். அவர் தலையாட்டியதை நம்பியது என் தவறு.

ஆடி பதினெட்டு அன்று எடப்பாடிக்கு மேற்கே காவிரிக்கரையில் அந்த வட்டாரமே கூடியிருந்தது. ஒருவழியாகத் தண்ணீரைப் பார்த்தேன். அகலமான, பழுப்பான, நிஜத் தண்ணீர். எனக்கு ஊருக்கே வந்த மாதிரி இருந்தது. அக்கரை பெரியார் மாவட்டம். பரிசல்கள் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன. பெண்கள் முளைப்பாரி கொண்டுவந்தார்கள். எல்லா மரத்தடியிலும் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு.

மாப்பிள்ளை அங்கே வருவார் என்று தெரிந்து நாச்சிமுத்து கொண்டுவந்திருந்த இரண்டு வண்டிகளையும் லாரியிலிருந்து இறக்கினோம். அர்த்தனாரி குடும்பத்தோடு படித்துறையில் இருந்தார். பாவாயியின் மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் அண்ணன் ஆள்மூலம் அனுப்பியிருந்த இந்த வருடத்துச் சீர் வேட்டியும் சேலையும் இருந்தன. இன்று ஆற்றங்கரையில் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணவர் உத்தரவு. பாவாயி அதைக் கொடுக்காமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து காக்கிக் கால்சட்டையில் ஆற்றில் இறங்கினார். வண்டி கிளம்பியது. எழுந்து நின்றார். கூட்டம் ஓவென்றது. அவ்வளவு பெரிய காவிரியில், கிணற்றின் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். அதே இடத்தில் மறுபடியும் ஒரு வட்டம். மறுபடியும். ஆறு முழுக்க இருந்தும் அவர் கண்ணுக்குச் சுவர் தெரிந்தது போலிருக்கிறது.

அர்த்தனாரி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். என்னிடம் திரும்பி, "ஏனுங்க, செக்கு சுத்தறதுக்கு இம்புட்டுப் பெட்ரோல் எதுக்குன்னு அவருகிட்டக் கேளுங்க" என்றார். நாச்சிமுத்து கரைக்கு வந்ததும் கேட்டேன். "வெசையா ஓட்டறவிய ஓட்டிக் காட்டட்டுமுன்னு சொல்லுங்க" என்றார். இருவருக்கும் நடுவில் ஒரு பரிசல் அகலம்கூட இல்லை. இருந்தாலும் இரண்டு பக்கமும் நான் ஒழுங்காகச் சொன்னேன்.

அர்த்தனாரி துண்டை மகளிடம் கொடுத்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "ஊருக்கு முன்னால டவுசர்ல நிக்கறதுக்கு நான் என்ன பள்ளிக்கொடத்துப் பையனா?" என்றார். 

பிடித்தார், முட்டி போட்டார், எழுந்தார். என் பதினோரு வருட அனுபவத்தில் முதல் தடவையிலேயே எழுந்து நின்றவரை அன்றுதான் பார்த்தேன். முழங்கால் தளர்வாக, மார்பு முன்னால், தலை நேராக. ரேக்ளாக்காரர் நிற்கும் தோரணை. "ஹை! ஹை!" என்று வண்டியை அதட்டினார். வண்டி அம்பாகப் பறந்தது. கூட்டம் விசிலடித்தது. நாச்சிமுத்து தன்னை மறந்து, "அப்புடிப் போடு மாப்ளே!" என்று கத்தினார்.

திரும்ப வேண்டிய இடம் வந்தது. ரேக்ளாவில் திரும்புவது கிடையாது. போகிற பாதை நேர், நிறுத்துகிற இடம் கடைசி. அர்த்தனாரி நிறுத்தப் பார்த்தார். மாட்டை நிறுத்துகிற மாதிரி உடம்பைப் பின்னால் சாய்த்துக் கைப்பிடியை இழுத்தார். இழுக்க இழுக்க விரல் விசையை அழுத்தியது. "ஓவ்! ஓவ்!" என்று அவர் கத்துவது எங்களுக்கே கேட்டது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு, வேகம் இரட்டித்து, பெரியார் மாவட்டத்துக்குப் போய்விட்டது.

அக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தார். எழுந்தார். இடுப்பளவுத் தண்ணீர், ஆபத்தில்லை. நான் சொன்னபடியே வண்டி மெதுவாக வட்டமடித்து அவரிடமே திரும்பி வந்தது. அவர் அதைக் கட்டிப் பிடித்தார். வண்டியின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாய் இருக்கிறது. அவிழ்ந்து மிதந்த வேட்டியை அது ஒரே வாயில் தின்றுவிட்டு நின்றுபோனது.

அர்த்தனாரி இடுப்பளவுத் தண்ணீரிலேயே நின்றார். கரையேறவில்லை. அக்கரையிலும் ஆடிப்பெருக்குக் கூட்டம், அவ்வளவும் பெண்டு பிள்ளைகள். அவர் மானஸ்தர், பஞ்சாயத்துப் பேசும் ஆள். ஆட்கள் கூடிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பரிசல்காரர்கள் எல்லோரும் பரிசல்களோடு அந்தக் கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பாவாயி எழுந்து வந்தார். நேராக நாச்சிமுத்துவிடம் வந்து மஞ்சள் பையை நீட்டினார்.

"அண்ணா, இதுல வேட்டி இருக்குது. கொண்டுபோயிக் குடு."

நாச்சிமுத்துவின் முகம் செத்துவிட்டது. "அம்மிணி, எனக்கு நேராப் போக வராது" என்றார். லாரி ஓட்டியே முன்னுக்கு வந்தவர் இதைச் சொல்லிக் கேட்டேன்.

"நான் கொண்டுபோறேங்க. ரெண்டு நிமிஷம்" என்றேன்.

பாவாயி என்னைப் பார்த்தார். "நீங்க குடுத்தா அது துணிங்க. எங்கண்ணன் குடுத்தாத்தான் சீரு."

நாச்சிமுத்து பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டார், வட்டத்தின் கடைசியில் கொஞ்சம் முன்னே நகர்ந்தார். மறுபடியும் ஒரு வட்டம், மறுபடியும் கொஞ்சம். முறுக்குப் பிழிகிற மாதிரி சுற்றிச் சுற்றியே காவிரியைக் கடந்தார். ஒவ்வொரு சுற்றிலும் முகம் எங்களைப் பார்க்கும், பிறகு மாப்பிள்ளையைப் பார்க்கும். நடு ஆற்றில் இழுப்பு அதிகம். வண்டி இரண்டு முறை சாய்ந்தது. விழுந்தால் பை நனைந்து ஆற்றோடு போகும். அவர் விழவில்லை. இந்தப் பாணியை எந்தப் பந்தயத்திலும் ஏற்க மாட்டார்கள். 

அக்கரைத் தண்ணீரில் இறங்கினார். பையிலிருந்து வேட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றார். அர்த்தனாரி கை நீட்டவில்லை. நாச்சிமுத்து ஏதோ சொன்னார். அர்த்தனாரி அசையவில்லை. பாவாயி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. "வாங்கிக்கங்க, வாங்கிக்கங்க சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். இக்கரையில் சோறு தின்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

அர்த்தனாரி வாங்கிக்கொண்டார்.

இருவரும் பரிசலில் திரும்பி வந்தார்கள், எதிரெதிராக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல். அர்த்தனாரியின் இடுப்பில் புது வேட்டி, சிவப்புக் கரை. அங்கே நாச்சிமுத்து என்ன சொன்னார் என்று பரிசல்காரரிடம் கேட்டேன். "வேறொண்ணுமில்லீங்க. 'அந்த மாடு இப்ப எப்புடி நடக்குது மாப்ளே?'ன்னாரு. அவ்வளவுதான். வேட்டியில்லாம நின்ன பெரியவருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. மாட்டுக்குப் போயி இப்புடியான்னு எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

படித்துறையில் கால் வைத்ததும் அர்த்தனாரி தொண்டையைச் செருமினார். "பாவாயி, பட்டங் கட்டறதுக்கு மாமன் வந்தாச்சு. வேற ஆருக்கும் சொல்லியனுப்ப வேண்டாம்" என்றார், ஊருக்கே கேட்கும்படி. பிறகு கொஞ்சம் தணிந்து, "மச்சானுக்கு எலையப் போடு" என்றார்.

நாச்சிமுத்து உட்காரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்த கால்சட்டையோடு லாரியைப் பார்த்து நடந்தார். "நீங்க சாப்புடுங்க. நான் மொதல்ல உங்க ஊட்டுக்குப் போயி மாட்டப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றார்.

அதுவரை அழாத பாவாயி அப்போதுதான் உடைந்தார். ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்து, மரத்தடிக்கு இழுத்துவந்து, தோளை அழுத்தி இலைக்கு முன்னால் உட்கார வைத்தார். புளிச்சோற்றை அள்ளி வைத்தார்.

"மாடு எங்கயும் போயிராது அண்ணா. மூணு வருசமா அங்கயேதான் நிக்குது. நீ மொதல்ல சாப்புடு."